இந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள்? – வாசகர் கேள்வி பதில்

பத்திரப் பதிவு அலுவலகத்தின் ரெக்கார்டு அறையில் காலம் தள்ளியவன் என்பதால், பழைய வீட்டைப் பற்றி எந்தக் கடிதம் வந்தாலும் ஆசிரியர் அதை என் தலையில் கட்டிவிடுகிறார். இந்த முறை வந்தவை எல்லாமே சென்னைக் கடிதங்கள்.

கேள்வி: கடற்கரைச் சாலையில் உள்ள விவேகானந்தர் இல்லத்தை இன்னமும் ஏன் ஐஸ் ஹவுஸ் என்கிறார்கள்? சுவாமிஜி அங்கே எத்தனை வருடம் இருந்தார்? – வாசகி, திருவல்லிக்கேணி

வருடக் கணக்கெல்லாம் இல்லை அம்மா. சுமார் ஒன்பது நாள்தான். மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரி 6 அன்று எழும்பூரில் வந்து இறங்கினார். குதிரைகளை அவிழ்த்துவிட்டு வாலிபர்களே வண்டியை இழுத்துப் போன அமர்க்களமெல்லாம் உண்டு. அப்போது அந்த வீடு பிலிகிரி அய்யங்கார் என்ற வக்கீலுக்குச் சொந்தம். நண்பரான நீதிபதி கெர்னனின் நினைவாக அதற்கு ‘காஸில் கெர்னன்’ என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயர் யார் வாயிலும் ஒட்டவில்லை. பக்கத்துக் காவல் நிலையத்துக்கு இன்றைக்கும் ஐஸ் ஹவுஸ் காவல் நிலையம் என்றுதானே பெயர்!

ஏன் ஐஸ் என்றால், அந்த வீட்டின் முதல் குடித்தனமே ஐஸ்தான். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி, அங்கே குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரி குளங்களிலிருந்து பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கப்பலேற்றினார். 1833-ல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல் போனது. நாலு மாதப் பயணம். ஏற்றியதில் பாதிக்கு மேல் கரையாமல் போய்ச் சேர்ந்தது என்பதுதான் அதிசயம். சென்னையில் சரக்கை இறக்கி வைப்பதற்காக 1842-ல் கட்டிய கிடங்கு இது. அன்றைக்குத் துறைமுகம் ஏது? கப்பல் தூரத்தில் நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். கொளுத்துகிற வெயிலில், மணலில், ஐஸ் பாளத்தைச் சுமந்து ஓடிய கூலியாட்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் பெயர் ஒரு காகிதத்திலும் கிடையாது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த ஐஸ் கிடங்குகள் இடிந்துபோயின. நம்முடையதுதான் மிச்சம். எந்திரத்தில் ஐஸ் செய்யக் கற்றுக்கொண்டதும் டியூடர் வியாபாரம் படுத்துவிட்டது. கிடங்கை வாங்கிய அய்யங்கார் ஜன்னலும் தாழ்வாரமும் வைத்து வீடாக்கினார்.

சுவாமிஜி கிளம்பிப் போன அடுத்த மாதமே அவருடைய சக துறவி ராமகிருஷ்ணானந்தர் வந்தார். சீக்கிரமே மடம் அந்த வீட்டில் நடக்க ஆரம்பித்தது. அய்யங்கார் காலமான பிறகு 1906-ல் வீடு ஏலத்துக்குப் போனது, பிறகு மடம் மயிலாப்பூருக்கு நகர்ந்தது. 1917-ல் அரசாங்கம் வாங்கியது. அதன்பின் அங்கே வந்தவர்களைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. சகோதரி சுப்பலட்சுமி நடத்திய விடுதியில் தங்கிப் படித்த இளம் விதவைகள் அவர்கள். பலர் சிறுமிகள். சுப்பலட்சுமியும் பால்ய விதவைதான். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தவர். அந்தப் பெண்கள் அங்கே வருடக்கணக்காகச் சாப்பிட்டு, தூங்கி, பாடம் படித்து, டீச்சர்களாக வெளியே போனார்கள். 1963-ல், பிறந்த நூற்றாண்டை ஒட்டி, விவேகானந்தர் பெயர் வைத்தார்கள். 1997-ல் கட்டடம் குத்தகையாக ராமகிருஷ்ண மடத்திடம் போனது. பெயர் வைத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அங்கே குடியிருந்தது யார் என்று கேட்டால், முதலில் அந்தப் பெண்களைத்தான் சொல்வேன்.

கேள்வி: மயிலாப்பூரில் எங்கள் வீட்டைத் தாத்தா வாங்கினார். அதற்கு முன்னால் யார் குடியிருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. கம்ப்யூட்டரில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் 1975-க்கு முன்னால் ஒன்றுமே இல்லை. – வாசகர், மயிலாப்பூர்

ஒன்றுமே இல்லை என்பது கம்ப்யூட்டருக்குத்தான். பெரும்பாலும் 1975-லிருந்துதான் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். அதற்கு முந்தியதற்கு சார் பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, பழைய அட்டவணைப் புத்தகங்களைப் பார்க்கச் சொல்ல வேண்டும். போகும்போது பழைய கதவு எண், பழைய சர்வே எண் இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள். சென்னையில் கதவு எண்ணை மாற்றி மாற்றி ஒரு வழி பண்ணிவிட்டார்கள். இன்றைய எண்ணை வைத்துத் தேடினால் அடுத்த வீட்டுக்காரரின் பரம்பரைதான் கிடைக்கும்.

இதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. வில்லங்கத்தில் வருவது விற்றவர், வாங்கியவர், அடமானம் வைத்தவர், செட்டில்மென்ட் எழுதிக்கொண்டவர். அதாவது சொந்தக்காரர்கள். நீங்கள் கேட்பதோ குடியிருந்தவர்களை. பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் கட்டாயம் பத்திரமாகப் பதிவு செய்ய வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தம் எழுதுகிற நம் வழக்கம் அதற்குத்தான். அதனால் முன்கட்டில் ஒன்று, பின்கட்டில் ஒன்று, மாடி போர்ஷனில் ஒன்று என்று ஒண்டுக்குடித்தனம் இருந்த குடும்பங்களில் ஒன்றுகூட வில்லங்கத்தில் ஏறாது.

அவர்களை வேறு இடத்தில் தேட வேண்டும். பழைய வாக்காளர் பட்டியல் நல்ல இடம். ஒரே கதவு எண்ணுக்குக் கீழே நாலைந்து குடும்பங்கள் வரிசையாக நிற்கும். அடுத்தது வழக்குக் கட்டுகள். 1960-ம் வருட வாடகைச் சட்டத்தின் கீழ் வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் சண்டை வந்திருந்தால் உங்களுக்கு யோகம்தான். எந்த அறை, எவ்வளவு வாடகை, குழாய்த் தண்ணீர் யாருக்கு, கக்கூஸ் சாவி யாரிடம், எல்லாம் மனுவில் வந்துவிடும். சண்டை போடாமல் ஒற்றுமையாக வாழ்ந்தவர்களைப் பற்றித்தான் ஒன்றும் கிடைக்காது! வெள்ளைக்காரன் காலத்துக்கு, அசைலம் பிரஸ் அல்மனாக் என்று வருடாவருடம் வந்த தொகுப்பில் சென்னை முகவரிப் பட்டியல் உண்டு. கன்னிமாரா நூலகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கேட்டுப் பாருங்கள். துரைமார், வக்கீல், பெரிய உத்தியோகஸ்தர் என்றால் அகப்படலாம். சமையற்காரர் அகப்பட மாட்டார்.

ரெக்கார்டு அறையில் கற்ற வித்தை ஒன்றும் சொல்கிறேன். உங்கள் பத்திரத்தை மட்டும் படிக்காதீர்கள், அண்டை வீட்டுப் பத்திரங்களையும் வாங்கிப் படியுங்கள். அவற்றின் சொத்து விவரத்தில் ‘இன்னார் வீட்டுக்கு மேற்கு, பொதுச் சந்துக்குத் தெற்கு’ என்று நாலு எல்லை எழுதியிருக்கும். அந்த இன்னார் உங்கள் வீட்டின் பழைய சொந்தக்காரராக இருக்கலாம். உங்களிடம் தாய்ப்பத்திரம் தொலைந்திருந்தாலும் அவர் பக்கத்து வீட்டுக் காகிதத்தில் எல்லையாக நிற்பார். ‘கிணற்றில் பாதி பாத்தியம்’ என்று ஒரு வரி கண்ணில் பட்டால் விடாதீர்கள். இரண்டு வீடும் ஒரு காலத்தில் ஒரே குடும்பத்துச் சொத்தாக இருந்து, பாகப்பிரிவினையில் பிரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: எங்கள் வீட்டு உத்திரம் ஒன்றில் டாடா என்று இங்கிலீஷில் முத்திரை இருக்கிறது. ஓட்டில் பாசல் மிஷன் என்று இருக்கிறது. வீட்டுக்கு வயது என்ன? – வாசகர், சிந்தாதிரிப்பேட்டை

டாடா ஆலையில் எஃகு உற்பத்தி 1912-ல் ஆரம்பித்தது. அதனால் அந்த உத்திரம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை வைத்தது 1865. முதல் உலகப் போருக்குப் பிறகு அது காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போய்விட்டது. ஆனால் ஓட்டை நம்பி வயது சொல்லக் கூடாது. இடித்த வீட்டு ஓட்டை வாங்கி வேய்வது சகஜம். உத்திரமும் ரிப்பேரில் மாற்றியதாக இருக்கலாம். மற்ற அறைகளில் தேக்குச் சட்டத்தின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் இருந்து, இந்த ஓர் அறையில் மட்டும் இரும்பு இருந்தால், வீடு பழையது, அறை புதியது.

கேள்வி: ‘குண்டு போட்டபோது ஊரே ஓடிப்போச்சு, அப்போ சல்லிசா வாங்கின வீடு’ என்று பாட்டி சொல்வார். நம்பலாமா? – வாசகி, பெரம்பூர்

நம்பலாம், ஆனால் எந்தக் குண்டு? 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன்காரனின் எம்டன் போர்க்கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டபோதும் ஜனங்கள் ஓடினார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்ற பயத்தில் ஊர் காலியானது இன்னும் பெரிய ஓட்டம். அரசு அலுவலகங்களே வெளியூர்களுக்குப் போய்விட்டன. இருக்கிற குடித்தனத்தை வீட்டுக்காரர்கள் கெஞ்சி இருத்திக்கொண்ட காலம் அது. கிரயப் பத்திரத்தில் வருடத்தைப் பாருங்கள். பிறகு அதே தெருவில் அதற்கு ஐந்தாறு வருடம் முன்னும் பின்னும் நடந்த கிரயத் தொகைகளோடு ஒப்பிட்டால், சல்லிசு எவ்வளவு சல்லிசு என்று தெரிந்துவிடும். பாட்டி இருக்கிறார் என்றால் முதலில் அவரிடம் கேளுங்கள்: வாங்கும்போது வீடு காலியாக இருந்ததா, யாராவது குடியிருந்தார்களா என்று.

கேள்வி: பழைய வீடு வாங்கப் போகிறோம். அங்கே பேய் இருப்பதாகச் சொல்கிறார்கள். – பெயர் வேண்டாம், ராயபுரம்

வில்லங்கத்தில் வராது. விலையைக் குறைத்துக் கேளுங்கள்.