‘ஒரே நலம்’ என்றால் என்ன? பல்கலைக்கழகங்கள் அதை எப்படிச் செய்கின்றன?

மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றின் நலத்தையும் சேர்த்தே ஆராய்வதுதான் ‘ஒரே நலம்’.

எலிக்காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். எலி, மாடுகளின் சிறுநீரில் வெளியேறும் கிருமி, கடலூர்ப் பக்கம் வெள்ளம் வடிந்த சேற்றில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கக்கூடும். நடவுக்கு இறங்குபவரின் கால் வெடிப்பு வழியே உடலில் புகும். ஆளுக்கு மட்டும் மருந்து கொடுப்பது, மேல்மடை உடைந்திருக்க நம் வரப்பை மட்டும் உயர்த்துவது மாதிரி.

ஆகவே மருத்துவத் துறை நோயாளியின் ரத்தத்தையும், கால்நடைத் துறை அதே தெரு மாடுகளையும், சூழலியல் துறை குட்டை நீரையும் ஒரே சமயத்தில் சோதிக்க வேண்டும். புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவக் கல்லூரியும் குரும்பாபேட் கால்நடைக் கல்லூரியும் ஒரே ஊரில் இருப்பது பெரிய வசதி. கவனம்: காய்ச்சலின் முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) சோதனை நோயைத் தவறவிடலாம், அப்போது கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனை தேவை.

ஒரே டாக்டர் ஆளுக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்ப்பார் என்று பலர் நினைக்கிறார்கள். அவரவர் வேலை அவரவரிடமே இருக்கும், சோதனை முடிவுகள்தான் உடனுக்குடன் கைமாறும்.