மூலிகை எனர்ஜி காப்ஸ்யூலும் யூரிக் அமில மாத்திரையும்

கேள்வி: யூரிக் அமிலத்துக்கு ஃபெபுக்ஸோஸ்டாட் 40 மி.கி. சாப்பிடுகிறேன். எந்நேரமும் அசதி. 'முழுக்க மூலிகை' என்று விற்கும் குவாரானா காப்ஸ்யூல் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். குவாரானா மூலிகைதான், ஆனால் அதில் வேலை செய்வது காஃபின். லேபிளில் அந்தப் பெயரே இல்லாமலும் போகலாம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்: 'குவாரானா சாறு 500 மி.கி., காஃபின் 22%' என்றிருந்தால் ஒரு காப்ஸ்யூலில் 110 மி.கி. காஃபின். இரண்டு போட்டால் 220. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கே நாளொன்றுக்கு 400 மி.கி.தான் உச்சவரம்பு, காபி டீ எல்லாம் சேர்த்து. சதவீதம் போடாமல் 'சிறப்புக் கலவை' என்று மொத்த எடையை மட்டும் போட்டிருக்கும் டப்பாவை எடுக்கவே எடுக்காதீர்கள்.

உங்கள் மாத்திரை விஷயத்தில் கவலை இதயத்தைப் பற்றியது. இதய நோய் உள்ளவர்களில் ஃபெபுக்ஸோஸ்டாட் எடுத்தோரிடம், யூரிக் அமிலத்துக்கான இன்னொரு மாத்திரையான அலோப்யூரினால் எடுத்தோரைவிட இதயம் சார்ந்த மரணம் கூடுதலாகத் தெரிந்ததால், 2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் மீது கடும் எச்சரிக்கை போட்டது. நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும் பொருளை அதன் மேல் சேர்ப்பது சரியல்ல. காஃபினோடு கசப்பு ஆரஞ்சு (சினெஃப்ரின்) கலந்தவை இன்னும் மோசம். எபெட்ரா என்ற தூண்டும் மூலிகை இருந்தால் தொடவே வேண்டாம். அமெரிக்காவில் 2004-லேயே அதை உணவுத் துணைப்பொருள்களில் தடை செய்துவிட்டார்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது நியாசின், அதாவது வைட்டமின் பி3. எனர்ஜி கலவைகள் பலவற்றில் இது உண்டு. அதிக அளவில் போனால் சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதைக் குறைக்கும். மாத்திரை இறக்குவதை இது ஏற்றிவிடும். ஃப்ரக்டோஸ் சேர்த்த எனர்ஜி பானங்களும் யூரிக் அமிலத்தைக் கூட்டும்.

அசதிக்கு ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: அலோப்யூரினால் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. க்ரீன் டீ சாறு மாத்திரையும் சேர்க்கலாமா?

பதில்: பொறுங்கள். அலோப்யூரினாலால் வரும் கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் தலைகாட்டும். இந்த நேரத்தில் புதிதாக இன்னொன்றையும் தொடங்கினால், தோலில் தடிப்பு வந்தால் காரணம் எதுவென்று பிரிக்க முடியாது. தடிப்பு வந்தால் அலோப்யூரினாலை உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கல்லீரலையும் யோசிக்க வேண்டும்: க்ரீன் டீ சாற்றின் முக்கியப் பொருளான இஜிசிஜி நாளுக்கு 800 மி.கி. எட்டினால் கல்லீரல் நொதிகள் உயரலாம். அலோப்யூரினாலும் சிலருக்கு அதையே செய்யும். கோப்பையில் குடிக்கும் சாதாரண க்ரீன் டீக்கு இந்தப் பயம் வேண்டாம்.