முடி உதிர்வுக்குப் புதிய மருந்து வரும்வரை காத்திருக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: 26 வயது, உச்சியில் முடி மெலிந்துகொண்டே வருகிறது, அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் வழுக்கை. இன்னும் சில வருடங்களில் புது மருந்துகள் வரப்போகின்றன என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்களே, இப்போது இருப்பதைத் தொடாமல் அதுவரை பொறுத்துக்கொள்ளலாமா? அக்காவுக்கும் தலையில் நடுப்பகுதி தெரிகிறது, அந்த மருந்துகள் அவருக்கும் உதவுமா?

தம்பி, நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறேன். போனில் ஒரு செய்தியைத் திறந்துவைத்துக்கொண்டு "இது எப்போ நம்ம ஊருக்கு வரும்?" என்று கேட்டு வரும் பையன்கள் இப்போதெல்லாம் அதிகம், அதனால் இந்தக் கேள்வியோடு எனக்கு நல்ல பழக்கம். என் பதில்: காத்திருக்க வேண்டாம். புது மருந்து வராது என்று சொல்லவில்லை, கடந்த 25 வருடங்களில் இல்லாத அளவுக்கு இப்போதுதான் நிஜமான நம்பிக்கை தெரிகிறது. ஆனால் அந்த மருந்து வரும் நாளில் அது வேலை செய்வதற்கு உங்கள் தலையில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். தலையில் சுமாராக ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு மயிர்க்காலும் 2 முதல் 6 வருடம் வரை முடியை வளர்க்கும், பிறகு சில வாரங்களில் சுருங்கி, மூன்று மாதம் போல ஓய்வெடுத்து, அந்த முடியை உதிர்த்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். தினம் 50 முதல் 100 முடி கொட்டுவது இதனால்தான், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பரம்பரை வழுக்கையில் நடப்பது வேறு. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டிஹெச்டி என்ற ஹார்மோன் உச்சியிலும் நெற்றியோரத்திலும் உள்ள மயிர்க்கால்களைத் தாக்கி, ஒவ்வொரு சுற்றிலும் வளரும் காலத்தைக் குறைத்துக்கொண்டே போகிறது. மயிர்க்கால் சிறிதாகும், முடி மெல்லிதாகும், கடைசியில் குழந்தையின் கன்னத்தில் இருப்பது போன்ற பூனைமுடிதான் மிஞ்சும். பல வருடம் அப்படியே விட்டால் அதுவும் போய்விடும். பழைய மருந்தானாலும் இப்போது சோதனையில் இருப்பதானாலும், சுருங்கிப்போன மயிர்க்காலைத் திரும்ப எழுப்பத்தான் பார்க்கின்றன. வழவழவென்று ஆகிவிட்ட இடத்தில் புதிதாக ஒன்றை உண்டாக்கும் மருந்து எதுவும் வாசல் வரைக்கும்கூட வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் செல்லை வளர்த்துத் தலையில் ஊசி போட்டு முடி முளைக்க வைக்கும் முயற்சிகள் 20 வருடத்துக்கும் மேலாக நடக்கின்றன, இன்னும் கடைக்கு வரும் நிலையில் இல்லை.

உங்கள் நிலைமை எது என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். தலைக்குக் குளித்துத் துவட்டியபின் துண்டில் ஒட்டியிருக்கும் முடிகளை ஒரு வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். எல்லாம் ஒரே தடிமனாக, நீளமாக இருந்தால் அது பெரும்பாலும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், கடுமையான டயட் மாதிரி ஏதோ ஒன்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து வரும் உதிர்வு, அது தானாகவே அடங்கும். தடித்த முடிகளுக்கு நடுவில் குட்டையாக, நூல் மாதிரி மெல்லிசாக நிறைய இருந்தால் மயிர்க்கால் சுருங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தோல் மருத்துவர் ஒரு சின்ன லென்ஸை வைத்து உச்சியில் தேடுவதும் இந்தத் தடிமன் வித்தியாசத்தைத்தான்.

சரி, புதிதாக வருபவற்றைப் பார்ப்போம். கடைக்கு வர மிக நெருக்கத்தில் இருப்பது கிளாஸ்கோடெரோன். இதன் 1 சதவீத கிரீம் முகப்பருவுக்காக 2020-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது, அதனால் இது முன்பின் தெரியாத பொருள் அல்ல. தலைக்கு 5 சதவீதக் கரைசலாகச் சோதித்திருக்கிறார்கள். டிஹெச்டி மயிர்க்காலில் போய் உட்காரும் இடத்தை இது அந்தத் தோலிலேயே அடைத்துவிடுகிறது, இரத்தத்துக்குள் போனதும் சீக்கிரமே சிதைந்துவிடுகிறது. இப்போது கடையில் இருக்கும் ஃபினாஸ்டிரைடு மாத்திரை மாதிரி உடல் முழுவதும் ஹார்மோனைக் குறைக்காமல் தலையில் மட்டும் வேலை செய்யும் என்பதுதான் இதில் எல்லோருக்கும் உள்ள ஆசை, எனக்கும்தான். 1,400-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனைகள் (அனுமதி கேட்பதற்கு முந்தைய பெரிய சோதனைகள்) இரண்டின் முடிவை, இந்த மருந்தை உருவாக்கும் காஸ்மோ நிறுவனம் 2025 டிசம்பரில் வெளியிட்டது, இரண்டிலும் வெற்றி.

அந்தச் செய்தியில் வந்த "539 சதவீதம்" என்ற எண்ணைப் பார்த்துத்தான் பலரும் காத்திருக்க முடிவெடுக்கிறார்கள். அது மருந்தில்லாத வெறும் கரைசல் பூசியவர்களோடு ஒப்பிட்ட சதவீதம். உதாரணத்துக்கு, தலையில் குறிவைத்த ஒரு சின்ன வட்டத்தில் வெறும் கரைசல் பூசியவருக்கு 1 முடி கூடி, மருந்து பூசியவருக்கு 6 முடிக்குச் சற்று மேல் கூடினாலே அது 539 சதவீதம் ஆகிவிடும். இன்னொரு சோதனையில் அதே கணக்கு 168 சதவீதம்தான். மருந்து வேலை செய்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் தலைமுடி ஆறு மடங்காகும் என்று யாராவது சொன்னால் அந்த வீடியோவை மூடிவிடுங்கள்.

இன்னொன்று பிபி 405, என்னைப் பொறுத்தவரை இதுதான் ரொம்பவும் சுவாரசியமானது. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மயிர்க்காலின் ஸ்டெம் செல்கள் (புது முடியை உண்டாக்கும் மூலச் செல்கள்) எப்படி விழிக்கின்றன என்று ஆராய்ந்தபோது, அவை மற்ற செல்களைவிட அதிகமாக லாக்டேட் உண்டாக்குவதைக் கண்டார்கள். பைருவேட் என்ற பொருள் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும் வழியை மறித்தால் லாக்டேட் கூடும், தூங்கும் ஸ்டெம் செல் விழிக்கும். எலியில் இதைக் காட்டிய கட்டுரை 2017-இல் வந்தது. ஹார்மோனைத் தொடாத, முற்றிலும் வேறான வழி இது. பெலேஜ் என்ற நிறுவனம் 78 பேரிடம் ஜெல்லாகச் சோதித்து 2025-இல் முடிவைச் சொன்னது: முடி அதிகமாக இழந்த ஆண்களில் 31 சதவீதம் பேருக்கு எட்டாவது வாரத்தில் முடி அடர்த்தி 20 சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது, வெறும் ஜெல் பூசியவர்களில் ஒருவருக்கும் அப்படி இல்லை. எட்டு வாரத்தில் இது நல்ல முடிவுதான். ஆனால் 78 பேர், எட்டு வாரம், நிறுவனமே சொன்ன கணக்கு. அடுத்த கட்டம் பெரிதாக நடந்து முடியாமல் இதை நம்பித் திட்டம் போட முடியாது.

இப்படிச் சொல்லக் காரணம் உண்டு. வழுக்கை உள்ள இடத்துத் தோலில் புராஸ்டாகிளாண்டின் என்ற, ஹார்மோன் போன்ற ஒரு பொருள் அதிகமாக இருக்கிறது என்று 2012-இல் கண்டுபிடித்தபோது உலகமே கொண்டாடியது. அதைத் தடுக்கும் செட்டிபிப்ராண்ட் மாத்திரையை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. சீனாவின் கின்டார் நிறுவனத்துப் பைரிலுட்டமைடு இரண்டாம் கட்டம் வரை நன்றாகப் போய், 2023-இல் மூன்றாம் கட்டத்தில் வெறும் கரைசலைவிடத் தெளிவாக ஜெயிக்க முடியவில்லை. அன்று அதற்காகக் காத்திருந்த பையன்களுக்கு அந்த வருடங்கள் திரும்பி வரவில்லை, முடியும் வரவில்லை. அமெரிக்காவில் அனுமதி கிடைத்தாலும் இங்கே சாப்ரா என்ற தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாகப் பரிசீலித்து அனுமதிக்க வேண்டும், வழுக்கைக்கான சிகிச்சையைப் பெரும்பாலும் அழகுக்கானது என்று மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) ஒதுக்கிவிடும், பணம் கையிலிருந்துதான் போகும். அப்புறம், அனுமதி பெறாத இந்த மருந்துகளின் தூளை இணையத்தில் வாங்கி வீட்டில் கலந்து பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இன்றைக்குக் கையில் இருப்பவை இரண்டு. மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்த மாத்திரை, சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலைக்குப் பூசும் மருந்தாக்கினார்கள், 1988-இல் அமெரிக்காவில் அனுமதி. மருந்துக்கடையிலேயே கிடைக்கும். முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டும், பயந்து நிறுத்திவிடாதீர்கள், நாலு மாதமாவது பூசிவிட்டுத்தான் முடிவு சொல்ல முடியும். வீட்டில் பூனை இருந்தால் அதன் அருகிலேயே வைக்காதீர்கள், பூனைக்கு இது விஷம். ஃபினாஸ்டிரைடு 1 மில்லிகிராம் 1997-இலிருந்து இருக்கிறது, இரத்தத்தில் டிஹெச்டியை ஏறக்குறைய 70 சதவீதம் குறைக்கிறது, பெரும்பாலான ஆண்களுக்கு உதிர்வை நிறுத்துகிறது. இதற்கு டாக்டர் சீட்டு வேண்டும், வேண்டியதுதான் நியாயம். சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையும், மனச்சோர்வு வரலாம், தற்கொலை எண்ணமும் இதன் பக்கவிளைவு என்று 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்து முகமை உறுதி செய்திருக்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே மனச்சோர்வு இருந்திருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள், மாத்திரை எடுக்கும்போது மனசு மாறுவது போலத் தெரிந்தால் நிறுத்திவிட்டு உடனே போய்ச் சொல்லுங்கள். இந்த இரண்டில் ஒன்றையோ இரண்டையுமோ இப்போது ஆரம்பித்து இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டால், கிளாஸ்கோடெரோன் வரும்போது அதையும் சேர்த்துப் பார்க்கலாம். மொட்டை அடித்தால் அடர்த்தியாக முளைக்கும் என்று பாட்டி சொல்வதை நேர்த்திக்கடனுக்காக வேண்டுமானால் கேளுங்கள், மயிர்க்காலுக்கும் சவரக்கத்திக்கும் சம்பந்தம் இல்லை.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன், உங்களைவிட அவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பெண்களுக்கு முடி போவதற்குக் காரணங்கள் அதிகம், ஒரே மருந்தைப் பங்கு போட முடியாது. வட்ட வட்டமாகப் போனால் அது புழுவெட்டு. அதற்கு மட்டும் புதிய மருந்து ஏற்கெனவே வந்துவிட்டது: பாரிசிடினிப் 2022-இலும் ரிட்லெசிடினிப் 2023-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன, கடுமையான புழுவெட்டில் ஏறக்குறைய மூன்று நான்கு பேரில் ஒருவருக்குத் தலை நிறைய முடி திரும்பியது. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் என்பதால் தொற்று, இரத்தக்கட்டு அபாயம் உண்டு, பரம்பரை வழுக்கைக்கு இவை உதவாது. வகிடு மட்டும் மெல்ல அகலமாகிறது என்றால் இரும்புச்சத்தும் தைராய்டும் பார்த்துவிட்டு மினாக்சிடில் ஆரம்பிக்கலாம். கர்ப்பமாகும் வாய்ப்பிருந்தால் ஃபினாஸ்டிரைடை அவர் எடுக்கவே கூடாது, வயிற்றில் வளரும் குழந்தைக்கு ஆபத்து.

உச்சியில் ஒரே இடத்திலிருந்து வட்டமாகப் பரவுகிறதா, அங்கே எரிச்சலோ தொட்டால் வலியோ இருக்கிறதா, தோல் பளபளவென்று ஆகிவிட்டதா என்று அவரிடம் கேளுங்கள். அப்படி இருந்தால் அது மயிர்க்காலையே அழித்துத் தழும்பாக்கும் வகையாக இருக்கலாம். நம் நாட்டில் ஆப்பிரிக்கப் பெண்களிடம் இது அதிகம், நம்மவர்களுக்கு வராது என்றில்லை. அந்த வகைக்குப் பிஏடிஐ 3 என்ற மரபணுவில் வரும் மாற்றங்களும் ஒரு காரணம் என்று 2019-இல் கண்டுபிடித்தவர்களில் நம் டர்பன் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகப் பேராசிரியர் ங்கோசா ட்லோவாவும் ஒருவர். அதுவரை இந்தப் பெண்கள் முடியை இறுக்கிப் பின்னியதும் சூடு வைத்ததும்தான் முழுக் காரணம் என்று குற்றம் அவர்கள் தலையிலேயே விழுந்துகொண்டிருந்தது. இறுக்கிக் கட்டுவதும் கெடுதல்தான், பரதநாட்டிய வகுப்புக்குச் சவுரி வைத்து வருடக்கணக்கில் இழுத்துக் கட்டும் பெண்களின் நெற்றியோரத்தைப் பார்த்தாலே தெரியும். தழும்பு விழும் வகையில் தழும்பான இடத்துக்கு எந்தப் புது மருந்தும் வரப்போவதில்லை. அழற்சியை அடக்கிப் பரவாமல் நிறுத்துவதற்கு ஸ்டீராய்டு ஊசியும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கும் இப்போதே இருக்கின்றன. எண்ணெய் மாற்றிப் பார்க்கிறேன், வெங்காயச்சாறு வைக்கிறேன் என்று அவர் மாதங்களைக் கடத்த வேண்டாம், இந்த மாதமே தோல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், தேவைப்பட்டால் தலைத்தோலில் சின்னதாக ஒரு துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்வார்கள், அதற்குத் தயங்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள்.