வேகக் கப்பலின் பிழைப்பு: மலையிலிருந்து வந்த கேள்விகள்

ஆட்களையும் கார்களையும் ஏற்றிக்கொண்டு மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஃபெர்ரிக் கப்பல்களைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். கடற்கரை ஊர்களை விட நீலகிரி, கொடைக்கானல் பக்கமிருந்துதான் கேள்விகள் அதிகம் வந்தன, அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

சார், எங்கள் மலை ரயிலுக்கு சுவிட்சர்லாந்திலிருந்து வந்த நீராவி எஞ்சின்கள் தலைமுறைக் கணக்கில் உழைத்தன. இந்த வேகக் கப்பல்களுக்கு அப்படி ஓர் ஆயுள் உண்டா?
- வாசகர், குன்னூர்

ஆயுள் உண்டு. ஒரே ஊரில் ஓடும் கொடுப்பினைதான் இல்லை. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் இன்கேட் நிறுவனம் கட்டிய காட்-லிங்க் 5 என்ற கப்பலைப் பாருங்கள், 1998 ஜூலையில் அது அட்லாண்டிக் பெருங்கடலை 2 நாள் 20 மணி 9 நிமிடத்தில் கடந்தது, சராசரி 41 நாட், அதாவது மணிக்குச் சுமார் 76 கிலோமீட்டர். அப்பேர்ப்பட்ட கப்பல் அப்புறம் ஃபியோர்ட் கேட் என்ற பெயரில் டென்மார்க்குக்கும் நார்வேக்கும் இடையே வருடக்கணக்கில் கார் ஏற்றியது, அதற்கும் பிறகு ஸ்கானே ஜெட் என்று பெயர் மாறி ஜெர்மனியிலிருந்து ஸ்வீடனுக்குப் போனது. அதே 1998-இல் கட்டிய இன்னொன்று ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பயணிகளை ஏற்றியது, பிறகு அமெரிக்க ராணுவம் அதை வாடகைக்கு எடுத்து 'ஜாயின்ட் வென்ச்சர்' என்று பெயர் வைத்தது, கடைசியில் மனனான் என்ற பெயரோடு ஐல் ஆஃப் மேன் தீவுக்கும் லிவர்பூலுக்கும் இடையே வந்து சேர்ந்தது. உடல் முழுக்க அலுமினியம் என்பதால் வெல்டிங்கில் விரிசல் விட்டிருக்கிறதா என்று விடாமல் பார்க்க வேண்டும், பார்த்துக்கொண்டால் 25 வருடம் தாராளமாக உழைக்கும்.

இவற்றின் பிழைப்பைக் கெடுப்பது எரிபொருள் பில்தான், இதை நான் அழுத்தியே சொல்வேன். ஸ்டீனா நிறுவனம் 1996-இல் இறக்கிய எக்ஸ்புளோரர் 1,500 பயணிகளையும் 375 கார்களையும் ஏற்றும், விமான எஞ்சின் போன்ற நான்கு கேஸ் டர்பைன், 40 நாட் வேகம், வேல்ஸின் ஹோலிஹெட்டிலிருந்து அயர்லாந்தின் டன் லேரிக்கு 99 நிமிடம். எண்ணெய் விலை ஏற ஏற வேகத்தைக் குறைத்து ஓட்டினார்கள், அதுவும் கட்டுப்படியாகாமல் 2014-இல் நிறுத்திவிட்டார்கள். அதன் கூடப்பிறந்த வாயேஜரை 2013-இல் கழித்து உடைத்துவிட்டார்கள், வயது 17. நன்றாக இருந்த கப்பலை அந்த வயதில் உடைப்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம். இப்போது இன்கேட் கட்டியிருக்கும் சைனா சோரில்லா முழுக்க பேட்டரியில் ஓடுவது, 130 மீட்டர் நீளம், பேட்டரி எடை மட்டும் 250 டன். ப்யூனஸ் அயர்ஸிலிருந்து உருகுவேக்கு ஓட்டுவதற்காக 2025 மே மாதம் அதைத் தண்ணீரில் இறக்கினார்கள். அந்தக் கணக்கு கைகொடுத்தால் இந்த வகைக் கப்பல்களுக்கு மறுவாழ்வு உண்டு.

பெருமாள்மலை வளைவுகளிலேயே எனக்கு வாந்தி வந்துவிடும். இந்தக் கப்பலில் தாங்குமா?
- வாசகி, கொடைக்கானல்

உண்மையைச் சொன்னால், அலை இருக்கும் நாளில் கஷ்டம்தான். ஒரு முறை மேலே போய்க் கீழே வரச் சுமார் 5 நொடி ஆகிற ஆட்டம்தான் மனித வயிற்றுக்கு ஆகவே ஆகாது. அதனால் முன்பக்கம் தண்ணீருக்கு அடியில் இறக்கை போல ஒன்றும், பின்பக்கம் அசையும் தகடுகளும் வைத்து, கம்ப்யூட்டர் அவற்றை ஆட்டிக் கப்பலை நிதானப்படுத்தும். இத்தனை மீட்டர் அலைக்கு மேல் கிளம்பக் கூடாது என்று ஒவ்வொரு கப்பலின் அனுமதிப் பத்திரத்திலும் எழுதியிருக்கும், அதை மீற கேப்டனுக்கு உரிமை கிடையாது. நீங்கள் நடுப்பகுதியில் உட்காருங்கள், மூக்குப் பக்கம் வேண்டாம், ஜன்னல் வழியே தொடுவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள்.

படுக்கை அறையே கிடையாதாமே, ஏன்?
- வாசகர், கோத்தகிரி

இவை சர்வதேச அதிவேகக் கலங்களுக்கான தனி விதியின் கீழ் ஓடுபவை. பயணிகளோடு போகும்போது, ஒதுங்க ஓர் இடத்துக்கு 4 மணி நேரத்தில் போய்விடும் தூரத்துக்குள்ளேயேதான் எப்போதும் இருக்க வேண்டும். ஆபத்து என்றால் எல்லோரையும் எவ்வளவு நேரத்தில் இறக்க வேண்டும் என்பதற்கும் சூத்திரம் உண்டு: 60 நிமிடம் தீயைத் தாங்கும் கட்டுமானம் என்றால் அதில் 7 கழித்து மூன்றால் வகுக்க வேண்டும், 17 நிமிடம் 40 நொடி வரும். அதற்குள் அத்தனை பேரும் காற்றடைத்த சறுக்குப் பாதை வழியாக மிதவைக்குப் போயாக வேண்டும், அறைக் கதவைத் தட்டி ஒவ்வொருவராக எழுப்பிக்கொண்டிருக்க நேரமில்லை. எல்லோரும் நாற்காலியில் இருப்பதன் காரணம் இதுதான்.

எங்கள் கேரட்டை இப்படி ஒரு கப்பலில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப முடியுமா? என் காரையும் கொண்டுபோக ஆசை.
- வாசகர், கேத்தி

இப்போதைக்கு முடியாது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று செரியபாணி கப்பலும், 2024 ஆகஸ்ட் 16 முதல் சிவகங்கையும் கிளம்பின, இரண்டுமே பயணிகளுக்கானவை, கார் ஏறாது. அப்படியே வேகமான கார் ஃபெர்ரி வந்தாலும் உங்கள் லாரிக்கு அது பொருந்தாது, எடை ஏறினால் வேகம் விழுந்துவிடும். நமக்கு வேண்டியது குஜராத்தில் 2020 நவம்பர் முதல் கோகாவுக்கும் ஹஜிராவுக்கும் இடையே ஓடுவது போல, லாரியையும் ஏற்றும் நிதானமான கப்பல். சாலையில் 370 கிலோமீட்டர் சுற்ற வேண்டிய ஊர்களை அது 90 கிலோமீட்டருக்குள் கொண்டுவந்தது. 40 நாட் கப்பல் கேட்டு மனு எழுதாதீர்கள், இதைக் கேட்டு எழுதுங்கள்.

பத்தாவது முடித்திருக்கிறேன். இந்தக் கப்பல்களில் வேலை கிடைக்குமா?
- வாசகர், கூடலூர்

நேராக இதில் நுழைய முடியாது தம்பி. ஜி.பி. ரேட்டிங் என்ற 6 மாத மாலுமிப் பயிற்சி இருக்கிறது, பத்தாவது படித்தவர்கள் சேரலாம், முடித்துச் சாதாரணக் கப்பல்களில் அனுபவம் சேர்த்துக்கொண்டு பிறகு முயலுங்கள். அதிகாரி ஆன பிறகும் வேகக் கப்பலை ஓட்டத் தனிச் சான்று வேண்டும், அதுவும் குறிப்பிட்ட கப்பலுக்கும் குறிப்பிட்ட வழித்தடத்துக்கும் மட்டுமே செல்லும், 2 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பல வழித்தடங்களில் குளிர்காலத்தில் கப்பலைக் கட்டிப்போட்டுவிடுவார்கள் என்பதால் வேலையும் பருவத்தைப் பொறுத்ததே. ஏஜென்ட் யாராவது பணம் கேட்டால், கப்பலுக்கு ஆள் சேர்ப்பவர்களுக்குக் கப்பல் துறை தலைமை இயக்குநரகம் தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் அவரிடம் இருக்கிறதா என்று இயக்குநரகத்தின் இணையதளத்தில் பாருங்கள், வேலைக்குச் சேர்த்துவிடப் பணம் வாங்க உரிமம் உள்ளவருக்கும் அனுமதி இல்லை.