கணினிக் கேள்வி – பதில்: சிவப்பு எச்சரிக்கையைத் தாண்டலாமா?

கேள்வி: உப்புவெளியில் சிறிய விருந்தினர் இல்லம் நடத்துகிறோம். மகன் ஒரு பழைய மடிக்கணினியைச் சர்வராக மாற்றி, விருந்தினரின் பாஸ்போர்ட் பிரதிகள், முன்பதிவுக் கணக்கு, கேமரா பதிவுகள் எல்லாவற்றையும் அதில் போட்டு வைத்திருக்கிறான். பிரவுசரில் 192.168.1.20 என்று அடித்துத் திறப்போம். 'பாதுகாப்பற்றது' என்று காட்டியதால் எச்டிடிபிஎஸ்ஸுக்கு (பிறர் படிக்க முடியாதபடி தரவை மறைத்து அனுப்பும் முறை) மாற்றினான். இப்போது பக்கம் முழுக்க எச்சரிக்கை வருகிறது. அதைத் தாண்டிப் போகலாம், ஒன்றும் ஆகாது என்கிறான். மனைவிக்குப் பயம். சான்றிதழ் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?
— வாசகர், உப்புவெளி

பதில்: காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் உங்கள் மனைவி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மகன் சொல்வதும் பாதி சரிதான், எச்சரிக்கையைத் தாண்டிப் போனாலும் தரவு மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் போகிறது. மறுமுனையில் இருப்பது உங்கள் சர்வர்தானா என்பதுதான் பிரவுசருக்குத் தெரியாது, அதைக் காட்டும் அடையாள அட்டைதான் சான்றிதழ். மகன் போட்டிருப்பது சர்வர் தனக்குத்தானே எழுதிக்கொண்ட சான்றிதழ். வதிவிடச் சான்றை நீங்களே எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோனால் எந்த அலுவலகத்தில் ஏற்பார்கள்? கிராம சேவகர் கையெழுத்தும் அதன் மேல் பிரதேச செயலாளர் கையெழுத்தும் இருந்தால்தான் ஏற்பார்கள், பிரவுசரும் அப்படித்தான்.

வீட்டுக்குள் நாலு பேர் மட்டும் பாவிக்கும் வலையமைப்பு என்றால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். உங்கள் வைஃபை கடவுச்சொல் வந்து போகிற விருந்தினர் எல்லோர் கையிலும் இருக்கிறது. பழைய எச்டிடிபியில் நீங்கள் அடிக்கும் கடவுச்சொல் அப்படியே எழுத்து எழுத்தாகப் போகும், அதே வைஃபையில் இருந்துகொண்டு அதைப் படித்தெடுக்க இலவச மென்பொருளே போதும். எச்டிடிபிஎஸ்ஸில் அப்படிப் படிக்க முடியாது. ஆனால் ஒருவன் நடுவில் புகுந்து தன் சான்றிதழைக் காட்டினால் என்ன வரும்? இன்று நீங்கள் தினமும் பார்க்கிற அதே எச்சரிக்கைதான் வரும். அதைத் தாண்டிப் போகும்படி வீட்டில் எல்லோரையும், வரவேற்பில் வேலை செய்யும் பிள்ளையையும் பழக்கிவிட்டால், ஆபத்து உண்மையாக வரும் நாளிலும் யோசிக்காமல் அழுத்திவிடுவார்கள். நாளைக்கு வங்கிப் பக்கத்தில் வந்தாலும் கை தானாகப் போகும். அதனால் அந்த எச்சரிக்கை வராதபடி செய்யுங்கள், தாண்டப் பழக்க வேண்டாம்.

192.168 என்று தொடங்கும் முகவரிக்கு வெளி நிறுவனம் எதுவும் சான்றிதழ் தராது, ஏனென்றால் அதே முகவரி ஆயிரக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. ஆக இரண்டு வழிதான். ஒன்று, எம்கேசெர்ட் போன்ற மென்பொருளால் நீங்களே ஒரு மூலச் சான்றிதழை (மற்றச் சான்றிதழ்களுக்குக் கையெழுத்துப் போடும் சான்றிதழ்) உருவாக்கி எல்லாக் கருவிகளிலும் நிறுவுவது. இது நன்றாக வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு ஃபோனாக எடுத்துச் செய்ய வேண்டும். ஐஃபோனில் நிறுவியது மட்டும் போதாது, செட்டிங்ஸில் ஜெனரல், அபௌட், அதன் அடியில் சர்டிஃபிகேட் டிரஸ்ட் செட்டிங்ஸ் வரை போய் அதை இயக்கிவிட வேண்டும், பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த வழியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, அந்த மூலச் சான்றிதழின் இரகசியச் சாவிக் கோப்பு களவு போனால் எடுத்தவன் உங்கள் ஃபோன்களுக்கு எந்தத் தளத்தின் பெயரிலும் போலிச் சான்றிதழ் செய்யலாம், வங்கி உட்பட. அதைச் சர்வரிலேயே விட்டு வைக்காதீர்கள்.

ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் உங்கள் இடத்துக்கு இரண்டாவது வழிதான் நல்லது. சொந்தமாக ஒரு டொமைன் பெயர் வாங்குங்கள், அல்லது டக்டிஎன்எஸ் என்ற சேவை தருகிற இலவசப் பெயரும் போதும். அந்தப் பெயர் 192.168.1.20 ஐக் காட்டும்படி வையுங்கள், ரவுட்டரில் அந்த முகவரியைச் சர்வருக்கே நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றிதழ் நிறுவனத்தில் இலவசமாகச் சான்றிதழ் எடுக்கலாம், 2015 இலிருந்து கொடுத்து வருகிறார்கள். பெயர் உங்களுடையதுதான் என்று காட்ட டிஎன்எஸ் (பெயருக்குரிய முகவரியைச் சொல்லும் சேவை) முறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் தரும் ஒரு குறியீட்டை உங்கள் டொமைனின் டிஎக்ஸ்டி பதிவில் (டிஎன்எஸ்ஸில் பெயரோடு வைக்கும் சிறு குறிப்பு) போட்டால் அதைப் படித்து உறுதி செய்துகொள்வார்கள். சர்வரை அவர்கள் தொடுவதே இல்லை, ஆகவே ரவுட்டரில் 80, 443 என்று ஒரு போர்ட்டையும் (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்) திறக்க வேண்டாம். திறந்தால்தான் சான்றிதழ் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பெயர் வைக்கும்போது கொஞ்சம் யோசியுங்கள். இப்படி வழங்கப்படும் சான்றிதழ்கள் எல்லாம் பகிரங்கப் பதிவேட்டில் ஏறும், யாரும் தேடிப் பார்க்கலாம். 'பாஸ்போர்ட்', 'கேமரா' என்றெல்லாம் வைக்காமல் ஒன்றும் சொல்லாத ஒரு பெயரை வையுங்கள்.

இந்தச் சான்றிதழின் ஆயுள் 90 நாள். செர்ட்பாட், கேடி போன்ற மென்பொருள்கள் தாமாகவே புதுப்பிக்கும், ஆனால் செர்ட்பாட் என்றால் புதுப்பித்த பிறகு சர்வரில் பக்கங்களைத் தரும் மென்பொருளை மறுபடி ஏற்றும் கட்டளையையும் சேர்த்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புதியது டிஸ்க்கில் கிடக்க, சர்வர் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். முடியப்போகிறது என்று முன்பு மின்னஞ்சல் வரும், 2025 ஜூனில் அதையும் நிறுத்திவிட்டார்கள். கையால் செய்துகொள்ளலாம் என்று மகன் சொன்னால் சம்மதிக்காதீர்கள், 2029 மார்ச்சிலிருந்து எந்த நிறுவனமும் 47 நாளுக்கு மேல் தரக்கூடாது என்றும் முடிவாகிவிட்டது.

மாரி காலத்தில் இணையம் அறுந்தால் பெயரைக் கண்டுபிடிக்க முடியாமல் சர்வரும் திறக்காது, அதனால் ரவுட்டரின் உள்ளூர் டிஎன்எஸ்ஸிலும் அந்தப் பெயரை எழுதி வையுங்கள். சில ரவுட்டர்கள் உள் முகவரியைக் காட்டும் வெளிப் பெயர்களைப் பாதுகாப்புக்காகத் தடுக்கும், அதற்கும் இதுவே மருந்து. இவ்வளவு செய்தாலும் விருந்தினர் வைஃபையைத் தனியாகப் பிரிக்காமல் விடாதீர்கள், அவர்களுக்கு அந்தச் சர்வர் கண்ணிலேயே படக்கூடாது. வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமானால் வயர்கார்ட் (வீட்டு வலையமைப்புக்கு மறையாக்கம் செய்த தனி வழி தரும் விபிஎன் மென்பொருள்) போடுங்கள்.

கேள்வி: இதே முறையில் சான்றிதழ் எடுத்தேன். எல்லா ஃபோனிலும் சரி, அம்மாவின் பழைய ஆண்ட்ராய்டு 6 ஃபோனில் மட்டும் எச்சரிக்கை வருகிறது.
— வாசகி, கிண்ணியா

பதில்: முதலில் ஃபோனின் தேதியைப் பாருங்கள், பட்டரி செத்துப்போன பழைய ஃபோனில் வருடமே மாறியிருக்கும். தேதி சரியென்றால் காரணம் வேறு. லெட்ஸ் என்கிரிப்ட்டின் மூலச் சான்றிதழ் ஆண்ட்ராய்டு 7.1.1 க்கு முந்திய ஃபோன்களில் இல்லை. இன்னொரு நிறுவனத்தின் கையெழுத்தால் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், அதுவும் 2024 செப்டெம்பரில் முடிந்தது. ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 என்ற மூலச் சான்றிதழை அவர்கள் தளத்திலிருந்தே இறக்கி, ஃபோனின் பாதுகாப்பு அமைப்பில் நிறுவினால் வேலை செய்யும். ஆனாலும் இவ்வளவு பழைய ஃபோனில் வங்கி வேலை எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்று பல வருடமாகிவிட்டது.