ஊரப் புடிங்க, ஆளு தானா வருவாரு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய ஆவணங்கள வெச்சு குடும்ப வேர் தேடுறது பத்தி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதங்கள்ல நெறைய பேரு ஸ்காட்லாந்து, அயர்லாந்து பத்திதான் கேட்டிருக்கீங்க, அதனால இந்த தடவ முழுசும் அதுக்கே ஒதுக்கிட்டேன். குடும்ப விஷயங்கறதால யாரு பேரும் போடல, ஊரு மட்டும்தான்.

கேள்வி: நாங்க ஆங்கிலோ இண்டியன், மூணு தலைமுறையா ரயில்வே குடும்பம்ங்க. பாட்டியோட தாத்தா அயர்லாந்துலேர்ந்து பட்டாளத்துல வந்தவரு, பேரு கெல்லி, இவ்வளவுதான் தெரியும். அயர்லாந்து சைட்டுல கெல்லின்னு போட்டா பக்கம் பக்கமா வருது, ஒண்ணும் புரியல. எங்க ஆரம்பிக்கட்டும்? (போத்தனூர் வாசகர்)

பதில்: நீங்க ஆரம்பிக்க வேண்டிய இடம் அயர்லாந்து இல்ல சார், மெட்ராஸ். கெல்லிங்கறது அங்க மர்ஃபிக்கு அடுத்தபடியா அதிகம் பேருக்கு இருக்கற குடும்பப் பேரு, நம்ம ஊர்ல முருகேசன்னு மட்டும் சொல்லிட்டு ஒருத்தர தேடுற மாதிரிதான் அது. ஆளோட ஊரு தெரியாம கடல் தாண்டாதீங்க. பாட்டியோட ஞானஸ்நானப் பதிவு, அப்புறம் அவங்க அப்பா அம்மா கல்யாணப் பதிவு, அப்புறம் அதுக்கு முந்தினதுன்னு ஒவ்வொரு படியா பின்னாடி எறங்கணும், நடுவுல ஒரு படிய தாவினா வேற யாரோ ஒருத்தரோட தாத்தாவ நம்ம தாத்தான்னு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருவோம்.

மெட்ராஸ் மாகாணத்துல சர்ச்சுல நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் இதுக்கெல்லாம் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பிக்கிட்டு இருந்தாங்க, அது இப்ப பிரிட்டிஷ் லைப்ரரியில இந்தியா ஆபீஸ் ரெக்கார்ட்ஸ்ல இருக்கு. இந்தியாவுல வாழ்ந்த பிரிட்டிஷ் குடும்பங்களத் தேடுறவங்களுக்குன்னே ஃபிபிஸ்னு ஒரு சங்கம் இருக்கு, அவங்க டேட்டாபேஸ்ல காசு கட்டாமலே தேடலாம். ஆனா உங்க ஆளு அயர்லாந்துக்காரரு, கத்தோலிக்கரா இருக்க வாய்ப்பு அதிகம், கத்தோலிக்க கோயில்கள்லேர்ந்து லண்டனுக்குப் போன நகல் முழுமையா இல்ல. அதனால குடும்பம் எந்தெந்த ஊர்ல இருந்துச்சோ அந்தந்த பங்குக் கோயில்ல பழைய ரிஜிஸ்டரப் பாக்க ஃபாதர் கிட்ட நேர்ல போய்க் கேளுங்க.

அடுத்தது பட்டாளம். அவரு கிழக்கிந்தியக் கம்பெனி வெச்சிருந்த கம்பெனி பட்டாளமா, பிரிட்டிஷ் அரசோட ராணி பட்டாளமான்னு மொதல்ல தெரியணும். கம்பெனியோட மெட்ராஸ் ஐரோப்பியப் படையில அயர்லாந்துக்காரங்க நெறைய பேரு இருந்தாங்க, அதே படைதான் கடைசில ராயல் மெட்ராஸ் ஃபுசிலியர்ஸ்னு பேரு வாங்கி 1881ல ராயல் டப்ளின் ஃபுசிலியர்ஸோட மொதல் பட்டாலியன் ஆச்சு. கம்பெனி சிப்பாய்ங்க பட்டியலும் பிரிட்டிஷ் லைப்ரரியிலதான். ராணி பட்டாளம்னா லண்டன் கியூவுல இருக்கற தேசிய ஆவணக் காப்பகத்துல டிஸ்சார்ஜ் பேப்பர் இருக்கான்னு பாருங்க, பென்ஷனோட வெளிய வந்தவங்களுக்குத்தான் அது பெரும்பாலும் கெடைக்கும். அந்த அச்சடிச்ச தாள்ல ஒரு வரி வரும்: இன்ன பாரிஷ்ல (நம்ம பங்கு), இன்ன டவுன்ல இல்லன்னா அதுக்குப் பக்கத்துல, இன்ன கவுண்டியில (மாவட்டம் மாதிரி) பொறந்தவர்னு, கோடிட்ட எடத்துல மையால எழுதியிருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான் சார். அது கைக்கு வந்த அன்னிக்கு எனக்கு ஒரு லெட்டர் போடுங்க.

கேள்வி: நான் இங்க நர்ஸ். பக்கத்து வீட்டு ஐரிஷ் பெரியவருக்கு அவரு பாட்டி குடும்பத்தப் பத்தி தேடித் தர ஆசை. ஆனா எல்லாரும் 1922ல எல்லாமே எரிஞ்சு போச்சு, தேடி பிரயோஜனம் இல்லன்னு சொல்றாங்க. நெசமா? (டப்ளின் வாசகி)

பதில்: பாதி நெசம்மா. 1922 ஜூன் 30ஆம் தேதி, உள்நாட்டுச் சண்டை ஆரம்பிச்ச மூணாவது நாள், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்துல இருந்த ஆவணக் காப்பகம் வெடிச்சு எரிஞ்சுது. 1821லேர்ந்து 1851 வரைக்கும் எடுத்த சென்சஸ்ல கொஞ்சூண்டு தவிர எல்லாம் போச்சு, உயில்கள் போச்சு, சர்ச் ஆஃப் அயர்லாந்துங்கற புராட்டஸ்டன்ட் திருச்சபையோட ரிஜிஸ்டர்ல பாதிக்கு மேல போச்சு. என்னோட மனசு ஆறாதது வேற ஒண்ணு, 1861, 1871 சென்சஸ் அந்த நெருப்புல எரியவே இல்ல, அதுக்கு முன்னாடியே அரசாங்கமே அழிச்சுருச்சு. 1881, 1891 மொதல் உலகப் போர் சமயத்துல பேப்பர் தட்டுப்பாடுன்னு கூழாக்கிட்டாங்க. நெருப்பு மேல பழி போட்டுட்டு இத எல்லாரும் மறந்துடறாங்க.

ஆனா மிச்சம் இருக்கறத பாருங்க. கத்தோலிக்க ரிஜிஸ்டர் எல்லாம் அந்தந்த கோயில்லயே இருந்ததால தப்பிச்சுது, சுமார் 1880 வரைக்கும் உள்ள பக்கங்கள தேசிய நூலகம் 2015லேர்ந்து இலவசமா இணையத்துல வெச்சிருக்கு. லத்தீன்ல எழுதியிருந்தா பயப்படாதீங்க, ஜேக்கபஸ்னா ஜேம்ஸ், குலியெல்மஸ்னா வில்லியம், பத்து பேரு பழகிட்டா போதும். பிறப்பு இறப்புப் பதிவு 1864லேர்ந்து இருக்கு, கத்தோலிக்கர் அல்லாதவங்க கல்யாணம் மட்டும் 1845லேர்ந்தே, இதுவும் ஐரிஷ் ஜீனியாலஜி அரசு தளத்துல இலவசம்தான். அப்புறம் யாருக்கு எவ்வளவு நிலம் குத்தகைன்னு எழுதின கிரிஃபித்ஸ் வேல்யுவேஷன், 1847லேர்ந்து 1864 வரைக்கும், காணாமப் போன சென்சஸுக்குப் பதிலா நம்மளத் தாங்கிப் புடிக்கறது அதுதான். அதுல டவுன்லாண்ட்னு வரும், டவுனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, நம்ம ஊரு பட்டி மாதிரி சின்னச் சின்ன நிலப்பகுதி, நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல இருக்கு. பெரியவர்கிட்ட பாட்டி எந்த டவுன்லாண்ட்னு மொதல்ல கேளுங்க, கவுண்டி பேரு மட்டும் சொன்னா பத்தாது.

1901, 1911 சென்சஸ் ரெண்டும் முழுசா தப்பிச்சுது, அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தோட தளத்துல இலவசம். வீட்டுக்காரரு கையெழுத்தோட அசல் தாளையே பாக்கலாம், படிக்கத் தெரியுமா, ஐரிஷ் பேசுவாங்களா, கூடவே இன்னொரு தாள்ல வீட்டு முன்பக்கம் எத்தன ஜன்னல், கூரை ஓலையா ஓடான்னு கூட இருக்கும். 1911ல கல்யாணமான பொண்ணுங்க கிட்ட மட்டும் கேட்ட கேள்வி மூணு, கல்யாணமாகி எத்தன வருஷம், உயிரோட பொறந்த புள்ளைங்க எத்தன, இப்ப இருக்கறது எத்தன. விதவைங்க அத நிரப்ப வேண்டியதில்ல, ஆனாலும் நெறைய பேரு நிரப்பியிருக்காங்க, அதிகாரி அது மேல கோடு போட்டு அடிச்சிருப்பாரு. நான் பாத்த ஒரு தாள்ல அந்தக் கோட்டுக்கு அடியில 9, பக்கத்துல 4. யாரும் கேக்காமலே ஒரு அம்மா எழுதி வெச்சுட்டுப் போயிருக்காங்க, ரொம்ப நேரம் அந்தப் பக்கத்த மூட முடியல என்னால.

இன்னொண்ணு, 1901ல 52 வயசுன்னு இருக்கறவரு 1911ல 70ன்னு இருந்தா வேற ஆளுன்னு தள்ளிடாதீங்க. நடுவுல 1909 ஜனவரியில முதியோர் பென்ஷன் வந்துச்சு, 70 ஆனவங்களுக்கு வாரம் அஞ்சு ஷில்லிங் வரைக்கும், பிறப்புப் பதிவே 1864லதான் ஆரம்பிச்சதால அந்த வயசுக்காரங்க யாருகிட்டயும் சர்டிஃபிகேட் கெடையாது. வயச நிரூபிக்க அப்ப இன்னும் எரியாம இருந்த 1841, 1851 சென்சஸுல தேடச் சொல்லி மனு போட்டாங்க, சென்சஸ் எரிஞ்சும் அந்தத் தேடல் தாள்கள் பொழச்சிருக்கு, அதையும் கட்டாயம் பாருங்க.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஸ்காட்டிஷ். பையனுக்கு அப்பா வழி குடும்ப மரம் போட்டுக் குடுக்கணும். ஒரு ஒரு சர்டிஃபிகேட்டுக்கும் காசு கேக்கறாங்க, கம்மி செலவுல முடியுமா? (கிளாஸ்கோ வாசகி)

பதில்: முடியும், ஏன்னா ஸ்காட்லாந்து ஆவணம் மாதிரி வாரி வழங்கற ஆவணம் கம்மி. ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் தளத்துல பட்டியல்ல தேடறது இலவசம், அசல் படத்தத் தெறக்கத்தான் காசு. அதனால பட்டியல்ல ஊரு, வருஷம் எல்லாம் பொருத்திப் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணத் தெறங்க. மொதல்ல இறப்புப் பதிவ எடுங்கன்னு நான் சொல்வேன், அங்க இறப்புப் பதிவுல அப்பா பேரோட அம்மா பேரும், அம்மாவோட பொறந்த வீட்டுப் பேரும் இருக்கும், ஒரே காசுல ஒரு தலைமுறை மேல ஏறிடலாம். இங்கிலாந்துல அந்தக் காலத்துப் பதிவுல இது கெடையாது. பிறப்புப் பதிவுல அப்பா அம்மா கல்யாணம் எங்க, எப்பன்னு இருக்கும், 1856லேர்ந்து 1860 வரைக்கும் உள்ளதுல மட்டும் இருக்காது. பதிவு ஆரம்பிச்ச 1855ஆம் வருஷத்துல யாராவது பொறந்திருந்தா உங்களுக்கு யோகம்தான், அப்பா அம்மா வயசு, பொறந்த ஊரு, மூத்த புள்ளைங்க எத்தனன்னு எல்லாம் கேட்டு எழுதியிருக்காங்க, அவ்வளவும் எழுதி மாளாம அடுத்த வருஷமே கொறச்சுட்டாங்க. 1855க்கு முன்னாடின்னா பழைய பாரிஷ் ரிஜிஸ்டர்தான், அதுல இருக்கறதுலயே பழசு பெர்த்ஷயர்ல எரோல்ங்கற ஊரோடது, 1553.

உங்களுக்கு இன்னொரு சாவி இருக்கு, ஒரு தமிழ்ப் பொண்ணுக்கு இத வெளக்கவே வேண்டாம். பழைய ஸ்காட்டிஷ் குடும்பங்கள்ல மூத்த பையனுக்கு அப்பா வழித் தாத்தா பேரு, ரெண்டாவது பையனுக்கு அம்மா வழித் தாத்தா பேரு, மூத்த பொண்ணுக்கு அம்மாவோட அம்மா பேரு வெப்பாங்க. தாத்தா பேர வாங்கறதாலதான நம்ம பேரனே பேரன் ஆனான்? எல்லாரும் இத அப்படியே கடைப்பிடிச்சாங்கன்னு இல்ல, ஆதாரமா எடுத்துக்காதீங்க, எங்க தேடலாம்னு ஒரு தடயமா வெச்சுக்கோங்க.

கேள்வி: மெக்னு ஆரம்பிச்சா ஸ்காட்லாந்து, ஓன்னு ஆரம்பிச்சா அயர்லாந்து, சரிதானே? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஓ பெரும்பாலும் அயர்லாந்து, மெக் ரெண்டு நாட்டுலயும் உண்டு. மெக்கோட மூலச் சொல் மக், அந்த ஊரு கேலிக் மொழியில மகன்னு அர்த்தம், தமிழ் காதுக்கு சட்டுனு ஒட்டிக்கும், ஆனா ரெண்டு சொல்லுக்கும் உறவு இல்ல. ஓன்னா பேரன், வம்சத்துல வந்தவன். நெறைய குடும்பங்கள் ஓவ விட்டுட்டு பின்னாடி திரும்ப சேத்துக்கிட்டாங்க, அதனால சல்லிவன், ஓசல்லிவன் ரெண்டையும் போட்டுத் தேடுங்க. எழுத்துக்கூட்டு மாறினா வேற குடும்பம்னு நெனைக்காதீங்க, சொன்னவருக்கு எழுதத் தெரியாது, கிளார்க்கு காதுல விழுந்தத எழுதினாரு.

கேள்வி: எங்க அம்மம்மாட அப்பா தோட்டத்துல இருந்த ஸ்காட்லாந்துத் தொரை. பேரு யாரும் சொல்ல மாட்டாங்க. பிறப்புப் பதிவுல தகப்பன் பேரே இல்ல. அம்மம்மா சாகும்வரைக்கும் அதப் பேசல. நான் தேடறது தப்பா? (ஹட்டன் வாசகி)

பதில்: தப்பே இல்ல தங்கச்சி. அவங்க பேசாம இருந்ததுக்கு அவங்களுக்குக் காரணம் இருந்திருக்கும், அது அவங்க உரிமை, தெரிஞ்சுக்கணும்னு நெனைக்கறது உங்க உரிமை. நதிமூலம் ரிஷிமூலம் பாக்கக்கூடாதுன்னு வீட்டுல சொல்வாங்க, ஆனா மறைச்சதுல அவமானம் அந்தத் தொரைக்குத்தான் சேரணும், உங்க அம்மம்மாவுக்கு இல்ல.

பேரு இல்லாததால நீங்களும் ஊரத்தான் புடிக்கணும். அம்மம்மா பொறந்த வருஷம், அப்ப அவங்க அம்மா வேல செஞ்ச தோட்டம், இது ரெண்டும் தெரிஞ்சா ஃபெர்குசன்ஸ் சிலோன் டைரக்டரியில அந்த வருஷப் புத்தகத்த எடுங்க, தோட்டம் வாரியா மேனேஜர் பேரெல்லாம் போட்டிருக்கும். பால்மோரல், ஹோலிரூட், டன்சினேன்னு தோட்டத்துக்கு இருக்கற ஸ்காட்டிஷ் பேர வெச்சு ஆளோட ஊரக் கணிக்காதீங்க, அது தோட்டத்துக்குப் பேரு வெச்சவரோட நெனப்பு, உங்க ஆளு அதுக்கப்புறம் வந்தவரா இருக்கலாம். மேனேஜருக்குக் கீழ சின்னத் தொரைங்களும் இருந்திருப்பாங்க, அதனால டைரக்டரிப் பேரு சந்தேகப் பட்டியல்தான், முடிவு இல்ல. முடிவு சொல்லக்கூடியது டிஎன்ஏ டெஸ்ட். வீட்டுல இருக்கறவங்கள்லயே மூத்தவங்க, உங்க அம்மாவோ மாமாவோ, அவங்கள எடுக்கச் சொல்லுங்க, ஒரு தலைமுறை கிட்ட இருந்தா பொருத்தம் தெளிவா வரும். வர்ற சொந்தங்களோட மரத்துல டைரக்டரியில பாத்த பேரு எங்கயாவது தட்டுப்படுதான்னு பாத்து, அதுக்கப்புறம் ஸ்காட்லாந்து பதிவுக்குப் போங்க. அங்க பிறப்புப் பதிவு படம் 100 வருஷம், கல்யாணம் 75, இறப்பு 50 வருஷம் ஆனாத்தான் இணையத்துல தெறக்கும், உங்க ஆளு காலத்துக்கு அது தடையா இருக்காது.

டெஸ்ட்டுக்கு முன்னாடி அம்மாகிட்ட உக்காந்து பேசிடுங்க. அவங்க வேண்டாம்னா கொஞ்ச நாள் பொறுத்திருங்க, இதுல மொதல் வார்த்தை அவங்களோடதா இருக்கட்டும்.