கவுன்சில் டாக்ஸும் கவென்ட்ரி கால்பந்தும்

தம்பி, இங்கிலாந்தில் இந்தக் கவென்ட்ரிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் சரியான இடத்தில் கை வைத்துவிட்டாய். வேலை இடத்தில் கால்பந்து கிளப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் கவுன்சிலை, அதாவது நகராட்சியை, திட்டுவதில்தான் முடிகிறது, அப்படியானால் நாம் கட்டுகிற கவுன்சில் டாக்ஸ் கால்பந்துக்கா போகிறது என்று கேட்டிருந்தாய்.

இல்லை. அது குப்பை, ரோடு, நூலகம், எல்லாவற்றையும்விட முதியோர், குழந்தைகள் பராமரிப்புக்குப் போய்விடும். வீட்டில் நீ தனி ஆள் என்றால் 25 சதவீதம் கழிவு உண்டு. நாமாகக் கேட்டால்தான் கிடைக்கும், அதை முதலில் முடி.

திட்டு எங்கிருந்து வந்தது என்றால், சுருக்கமாக, வாடகைத் தகராறு. கவென்ட்ரி சிட்டி 1899இலிருந்து நூறு வருஷத்துக்கு மேல் ஹைஃபீல்டு ரோடு மைதானத்தில் ஆடிய கிளப். புது ஸ்டேடியத்துக்குத் திட்டம் போட்டார்கள். 2001இல், 34 வருஷம் இருந்த மேல்மட்ட லீக்கிலிருந்து கீழே விழுந்தார்கள், கையில் காசில்லை. கவுன்சில் உள்ளே வந்தது, ஒரு அறக்கட்டளையோடு ஆளுக்குப் பாதியாகச் சேர்ந்து கம்பெனி வைத்து, 2005இல் ஸ்டேடியத்தைத் திறந்தது. கிளப் அதில் வெறும் குடித்தனக்காரன்: வாடகை வருஷத்துக்கு ஏறக்குறைய 13 லட்சம் பவுண்டு, மேட்ச் அன்று விற்கிற பீர், சாப்பாட்டுக் காசும் அதன் கைக்கு வராது.

2007இல் கிளப்பை வாங்கிய சிசு என்ற முதலீட்டு நிறுவனம் 2012இல் வாடகையை நிறுத்திவிட்டது. அடுத்த வருஷம் கவுன்சில் ஸ்டேடியம் கம்பெனியின் வங்கிக் கடனைத் தீர்க்க 1 கோடியே 44 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது. அது சட்டவிரோதம் என்று சிசு கோர்ட்டுக்குப் போய் 2014இல் தோற்றது, அப்பீலிலும் தோற்றது. இதற்கிடையில் 2013-14 முழுக்க கிளப்பின் 'ஹோம்' மேட்ச் எல்லாம் 35 மைல் தள்ளி நார்த்தாம்ப்டனில்! காசு கொடுத்து உள்ளே போகமாட்டோம் என்று பலர் மைதானத்துக்கு வெளியே இருந்த மேட்டில் நின்றே பார்த்தார்கள். கிளப் திரும்பி வந்த கொஞ்ச நாளிலேயே, 2014 கடைசியில், ஸ்டேடியம் வெளியூர் ரக்பி டீமான வாஸ்ப்ஸிடம் போனது. 2019இலிருந்து இரண்டு சீசன் மறுபடி பர்மிங்காமுக்கு ஓட்டம். 2022இல் வாஸ்ப்ஸே நொடித்துப் போனது. ஸ்டேடியம் கிளப்பின் கைக்கு வந்தது 2025இல்தான்.

யார் பக்கம் நியாயம்? என்னைக் கேட்டால், கவுன்சில் கடன் கொடுத்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது, ஸ்டேடியம் வீணாகப் போகவிட முடியாது. ரக்பிக்காரர்களிடம் கொடுத்ததுதான் இன்னும் பலருக்கு ஆறாத புண். அப்புறம் ஒன்று, இந்தியப் பாஸ்போர்ட், இலங்கைப் பாஸ்போர்ட் இருந்தாலும் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் விசாவில் இருக்கிற நமக்கும் கவுன்சில் தேர்தலில் ஓட்டு உண்டு, பதிவு செய்துவிடு. ஓட்டுக் கேட்டு வீட்டு வாசலுக்கு வரும்போது இதையும் கேட்கலாம், மற்றவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள்.

2015இல் கேன்டீனில் நான் தெரியாமல் "ஓ, அந்த ரக்பி ஸ்டேடியமா?" என்று கேட்டுவிட்டேன். ஒரு பெரியவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கடைசியில் அவரே டிக்கெட் வாங்கி அழைத்துப் போனார், என்னிடம் இருக்கிற, கிளப் நிறமான வான்நீல ஸ்கார்ஃபும் அவருடையதுதான், இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.